ஆவாரை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் யாரும் கேட்காமல் வளர்கிற செடிக்கு வளர்ப்புக் குறிப்பு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அதே ஆவாரையை நாற்றாக வாங்கி வந்து தோட்டத்தில் வைத்தால் மூன்றே மாதத்தில் பட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. முளைப்பதும் முதல் வருடத்தைத் தாண்டுவதும்தான் இந்தச் செடிக்குக் கண்டம். அதனால் கீழே உள்ள பதில்களில் கணிசமானவை அந்த இரண்டைப் பற்றியவை.

மஞ்சள் பூ பூக்கும் செடிகள் நிறைய உண்டே, ஆவாரைதான் என்று எப்படி உறுதி செய்வது?

பூவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், இலையைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காதுமடல் போன்ற அகலமான பச்சைச் செதில் ஒன்று இருக்கும், சீக்கிரம் உதிராது. ஒவ்வொரு இலையிலும் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குண்டூசித் தலை அளவுக்கும் சிறிய சுரப்பி ஒன்று நிமிர்ந்து நிற்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெலிதாக, ஒரு விரல் நீளம் இருக்கும். உள்ளே விதை இருக்கும் இடங்கள் வெளியிலிருந்தே மேடாகத் தெரியும். தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய நூல்களில் கேசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும்.

பேயாவிரையில் சிற்றிலைகள் நான்கைந்து ஜோடிதான், நுனி கூர்மையாக இருக்கும், கசக்கினால் நாறும். தகரையில் மூன்றே ஜோடி, காய் நீண்டு மெலிந்து வளைந்திருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிரிடும் நிலாவாரை பேதி மருந்துக்கானது. பெயர் ஒத்திருப்பதால் நாட்டுமருந்துக் கடையில் மாற்றி வாங்கிவிடுபவர்கள் உண்டு. ஆவாரம்பூ என்று நினைத்து நிலாவாரை இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அன்று முழுக்கக் கழிவறைதான். சரக்கொன்றை மரம், சரம் சரமாகத் தொங்கும் பூவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீலகிரிக் காடுகளை ஆக்கிரமித்திருக்கும் மஞ்சள் கொன்றை வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஆவாரைக்கு உறவு என்பதோடு சரி. அதன் விதையைக் கொண்டுவந்து தோட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

எந்த மண்ணில் வரும்?

செம்மண், சரளை, மணற்பாங்கான நிலம், கரிசல், ஓரளவு உவர் நிலம் எல்லாவற்றிலும் வரும். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வராது. மழைக்குப் பிறகு ஒரு நாளுக்கு மேல் நீர் நிற்கும் இடமாக இருந்தால் ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டு அதன்மேல் நடுங்கள். களிமண் தோட்டத்தில் குழிக்குள் மணலைக் கொட்டிச் சரி செய்யப் பார்ப்பது பலன் தராது. சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் மழைநீர் முழுக்க அந்தக் குழிக்குள்தான் வந்து சேரும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். மாமர நிழலில் வைத்த ஆவாரை சாகாது. ஒல்லியாக, உயரமாக, பூ இல்லாமல் நிற்கும்.

விதையை எப்போது எடுப்பது?

காய் பச்சை மாறி, முழுக்கப் பழுப்பாகி, ஆட்டினால் கலகலக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பூத்த செடிகளில் பெரும்பாலும் தை முதல் பங்குனிக்குள் நெற்று தயாராகிவிடும். ஒரே செடியில் எல்லாவற்றையும் பறிக்காமல் நான்கைந்து செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

நெற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, சாக்கில் போட்டுத் தட்டி, புடைத்து எடுங்கள். ஓட்டை விழுந்த விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்: அவற்றை விதை வண்டு உள்ளிருந்து தின்று வெளியேறியிருக்கும். ஓட்டை இல்லாத விதையிலும் புழு இருக்கலாம் என்பதால், தண்ணீரில் கொட்டி மிதப்பதை வடித்துவிடுவது நல்லது. சேமிக்கும் விதையை மறுபடி நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். தோல் கெட்டியாக இருப்பதால் ஒன்றிரண்டு வருடம் கெடாமல் இருக்கும்.

விதைத்து ஒரு மாதம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தோண்டிப் பார்த்தால் விதை போட்டபடியே கல் மாதிரி கிடக்கும். ஆவாரை விதையின் தோல் நீரை உள்ளே விடாது. இயற்கையில் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு, மண்ணில் உரசி, தோலில் விரிசல் விழுந்த பிறகே முளைக்கும். அதுவும் எல்லா விதையும் ஒரே மழையில் முளைக்காது. வறண்ட நாட்டுச் செடிக்கு அது நல்ல உத்தி, தோட்டக்காரருக்குத்தான் தலைவலி.

செய்ய வேண்டியது:

1. விதையின் அளவைப் போல ஐந்து மடங்கு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.
2. விதை இருக்கும் பாத்திரத்தில் அதை ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஓர் இரவு வையுங்கள். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்கவிடக் கூடாது, கரு வெந்துவிடும்.
3. காலையில் சில விதைகள் இரண்டு மடங்கு பருத்திருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி உடனே விதையுங்கள். காயவிட்டால் வீணாகிவிடும்.
4. பருக்காதவற்றை மறுபடி ஒருமுறை இதே போலச் செய்யுங்கள். அதற்கும் மசியாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துச் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பத்து இருபது விதைதான் என்றால் வெந்நீரே வேண்டாம். ஒவ்வொன்றாக உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும், உள்ளிருக்கும் வெளிர்நிறம் எட்டிப் பார்க்கும்வரை தேய்த்தால் போதும். விதையின் முனையில், காயோடு ஒட்டியிருந்த வடு ஒன்று தெரியும், முளை கிளம்புவது அங்கிருந்துதான். அந்த இடத்தைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தில் தேயுங்கள். நாற்றுப்பண்ணைகளில் கந்தக அமிலத்தில் நனைப்பதும் உண்டு. வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

பருத்த விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.

நேரடியாக விதைப்பதா, நாற்று விடுவதா?

மழையை நம்பலாம் என்றால் நேரடி விதைப்புதான் மேல். முளைத்த சில வாரங்களிலேயே ஆவாரை ஆணிவேரை ஆழமாக இறக்கிவிடும், மேலே நான்கு இலைதான் இருக்கும். அந்த வேர்தான் பிற்பாடு கோடையைத் தாங்கப்போவது. பையில் வளர்க்கும்போது அது அடியைத் தொட்டதும் சுருண்டு வட்டமடிக்கத் தொடங்கும். சுருண்ட வேரோடு நட்ட செடி முதல் மழைக்காலத்தில் நன்றாகத்தான் தெரியும். சித்திரை வெயிலில் திடீரென்று வாடும், பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும்.

நாற்றுதான் வசதி என்றால் ஆழமான பையாகப் பாருங்கள். 6 அங்குல அகலம், 9 அங்குல உயரம் போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பைக்கு இரண்டு விதை போட்டு, நான்கு இலை வந்ததும் ஒன்றைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் ஆடும். இரண்டு முதல் மூன்று மாதத்தில், முக்கால் அடி உயரத்தில் நட்டுவிட வேண்டும். பண்ணையில் வாங்கும்போது மூன்றடி உயர நாற்றைக் காட்டி அதிக விலை சொல்வார்கள். சின்னதை வாங்குங்கள். பையின் அடியில் வேர் எட்டிப் பார்த்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

போத்து வெட்டி நட்டால் வருமா?

நம்ப முடியாது. விதை இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது அந்தப் பாடு தேவையில்லை. வளர்ந்த செடியைப் பெயர்த்து நடுவதும் அப்படித்தான்: ஆணிவேர் அறுந்த ஆவாரை பெரும்பாலும் பிழைக்காது.

எப்போது, எப்படி நடுவது?

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குப் புரட்டாசி, ஐப்பசி சரியான காலம். தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும் மேற்கு மாவட்டங்களில் ஆடியிலேயே தொடங்கலாம். மழை முடிந்து மார்கழி, தையில் நட்டால் வேர் இறங்கும் முன் கோடை வந்துவிடும்.

குழி ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழம். எடுத்த மண்ணோடு ஒரு கிலோ மக்கிய உரம் கலந்தால் போதும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்கி, பையில் இருந்த மண்மட்டம் தரைமட்டத்தோடு சேரும்படி வையுங்கள். தண்டின் அடியைப் புதைத்தால் அழுகும்.

உயிர்வேலிக்கு இரண்டடி இடைவெளி. தனிச் செடிகளாகப் படர்ந்து பூக்க ஐந்தடி வேண்டும். ஐந்துக்கு ஐந்து என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,740 செடி பிடிக்கும். தரிசில் நேரடியாக விதைப்பதானால் மழைநீர் ஓடும் திசைக்குக் குறுக்கே சின்னச் சால் பிடித்து, சாலின் மேட்டோரத்தில் விதையுங்கள், சாலுக்குள் வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

நட்ட முதல் மாதம் மழை இல்லாவிட்டால் நான்கு நாளுக்கு ஒருமுறை, செடிக்கு இரண்டு லிட்டர். அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒருமுறை. முதல் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து லிட்டர், ஒரே தடவையாக, மெதுவாக. தினமும் ஒரு செம்பு ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்: மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே மேயும், ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தால் செடி காய்ந்திருக்கும்.

இரண்டாம் வருடத்திலிருந்து தரையில் உள்ள செடிக்குத் தண்ணீர் வேண்டாம். கோடையில் இலையில் பாதி உதிர்ந்தால் பதற வேண்டாம், செடி தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. சுள்ளியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை மஞ்சளாகி வாடினால் அது வேர் அழுகல். அப்போது எல்லாரும் செய்வது இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவது. உடனே நிறுத்துங்கள், மூடாக்கை விலக்குங்கள், வடிகால் வெட்டுங்கள். சொட்டுநீர்க் குழாயில் ரோஜாவோடும் மல்லிகையோடும் சேர்த்து ஆவாரைக்கும் ஒரு சொட்டுவான் வைத்திருந்தால் அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

உரம்?

நடும்போது கொடுத்ததே போதும். தொழுவுரம், யூரியா என்று போட்டால் இலைதான் தழைக்கும். பயறுவகைக் குடும்பம் என்பதால் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணை வளப்படுத்தும் என்று பலர் எழுதுகிறார்கள். ஆவாரைக்கு வேர்முடிச்சு கிடையாது. அந்த வேலையைக் கொழிஞ்சியும் சணப்பும் செய்யும். ஆவாரையின் பயன் தழையில் இருக்கிறது: கொத்துக் கொத்தாக வெட்டி வயலில் மிதித்து மட்கவிடும் பழக்கம் நெல் விவசாயிகளிடம் நெடுங்காலமாக உண்டு, உவர் நிலத்தைத் திருத்தவும் அப்படி இட்டார்கள்.

மாடித் தோட்டத்தில் தொட்டியில் வளருமா?

வளரும், ஆனால் தரையில் வளர்வது போல எதிர்பார்க்காதீர்கள். 15 அங்குல ஆழத்துக்குக் குறையாத தொட்டி அல்லது பை, அடியில் நான்கைந்து ஓட்டை. கலவையில் தென்னை நார்க்கழிவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஒரு முழ உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு அடக்கமாக இருக்கும். வறட்சி தாங்குவது ஆழமான வேரால் என்பதால், தொட்டியில் அந்தச் சலுகை கிடையாது: கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றித்தான் ஆக வேண்டும்.

எப்போது பூக்கும்? இரண்டு வருடமாகியும் பூக்கவில்லையே?

நல்ல வெயிலில் உள்ள செடி முதல் வருடக் கடைசியிலோ இரண்டாம் வருடத்திலோ பூக்கத் தொடங்கும். மழைக்குப் பின் பெருக்கமாகவும் மற்ற மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் பூக்கும். தெலங்கானாவில் பதுகம்மா பண்டிகைக்குப் புரட்டாசி வாக்கில் இதைக் கூடை கூடையாகப் பறிக்கிறார்கள். அங்கே தங்கேடு என்ற பெயரில் இது மாநில மலர். கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்ட இதைத் தேடும்போதும் பூ இருக்கும்.

பூக்காவிட்டால் முதலில் நிழலைச் சந்தேகியுங்கள், அடுத்து உரத்தை. மூன்றாவது, தவறான காலத்தில் வெட்டியது. பூங்கொத்து புதுக் கிளைகளின் நுனிப்பக்கத்தில் வருவதால், ஐப்பசியில் வேலியை ஒழுங்கு செய்கிறேன் என்று மேலே சீவினால் அந்தப் பருவத்துப் பூ முழுக்கக் குப்பைக்குப் போய்விடும்.

கவாத்து எப்படி?

நெற்று எடுத்தபிறகு, பங்குனிக்குள், கிளையின் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். அடியில் மொட்டையாகி மேலே மட்டும் தழை நிற்கும் பழைய செடியை ஆடி மழைக்கு முன் தரையிலிருந்து ஓர் அடி விட்டு மொத்தமாக வெட்டலாம். அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்கும். காய்ந்த சித்திரையில் இப்படி வெட்ட வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த செடியையும் வேண்டாம்.

பூச்சி, புழு?

இளம் நுனியில் அசுவினி, மாவுப்பூச்சி வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். பூவைச் சாப்பிடுவதற்குப் பறிப்பதாக இருந்தால் ரசாயனம் கூடாது.

எறும்பு சாரை சாரையாக ஏறினால் மருந்து தேட வேண்டாம். சிற்றிலைகளுக்கு நடுவே உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைக் கசியவிடுகின்றன, எறும்பு வருவது அதற்காக; வந்த இடத்தில் சில புழுக்களையும் தூக்கிப்போகும். மாவுப்பூச்சியோடு சேர்ந்து வந்தால் மட்டும் கவனியுங்கள்.

பச்சைப் புழு இலையைத் தின்பது பெரும்பாலும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள். பெரிய செடிக்கு ஒன்றும் ஆகாது. நாற்றில் இருந்தால் எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள்.

பூ நிறைய வருகிறது, காய் பிடிக்கவில்லை. ஏன்?

ஒரு பூவைப் பறித்து உற்றுப் பாருங்கள். பத்துக் கேசரங்களில் (மகரந்தத் தாள்களில்) மேலே உள்ள மூன்று மலட்டுக் கேசரங்கள். கீழே வளைந்து நீண்டிருப்பவற்றின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போல நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் ஒரு துளை மட்டும் இருக்கும். தச்சன் தேனீ என்கிற பெரிய கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடலை அதிரவைக்கும்போது அந்த அதிர்வில் மகரந்தம் துளை வழியே பீய்ச்சி வரும். இந்தப் பூவில் தேன் கிடையாது, வண்டுக்குக் கூலி மகரந்தம்தான். கருவண்டு வராத நகரத்து மாடியில் காய் குறைவாகப் பிடிப்பது இயல்பு. தோட்டத்து மூலையில் காய்ந்த மரக்கட்டை, பட்ட மூங்கில் இரண்டைப் போட்டு வைத்தால் அவை கூடு கட்டும்.

ஆடு மாடு மேயுமா?

பொதுவாக விரும்பி மேயாது, அதனால்தான் மேய்ச்சல் புறம்போக்கில் மற்றவை அழிந்தும் இது நிற்கிறது. ஆனால் வெயிலில் வேறு பச்சை இல்லாதபோது இளங்கன்றைக் கடித்துப் பார்க்காது என்று சொல்ல முடியாது. முதல் வருடம் முள் அடைத்து வையுங்கள்.

பூவை எப்படி உலர்த்துவது?

பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன், அன்று விரிந்த பூவாகப் பறியுங்கள். உதறிப் பூச்சியைப் போக்கி, காம்பைக் கிள்ளி, வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காக நிழலில் பரப்புங்கள். நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். நான்கைந்து நாளில் விரலில் நொறுங்கும் பதம் வரும். அதற்கு முன் டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நெடுஞ்சாலை ஓரத்துப் பூவையும் பருத்தி, மிளகாய் வயல் வரப்புப் பூவையும் வாயில் வைக்க வேண்டாம். புகையும் பூச்சிமருந்தும் படிந்திருக்கும்.

ஆவாரம்பூத் தேநீர் சர்க்கரை நோயைத் தீர்க்குமா?

தீர்க்காது. ஒரு தேக்கரண்டி உலர்ந்த பூவை 200 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துக் குடிப்பது நல்ல பானம். இலங்கையில் ரணவரா என்று கருப்பட்டியோடு வழக்கமாகக் குடிக்கிறார்கள். பூவின் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளில் நடந்தவை. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற சொலவடையை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் குடிக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்புக்கான கார்பமசெபின் எடுப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது: எலிகளில் அந்த மருந்தின் ரத்த அளவை இது கூட்டியது. கர்ப்பிணிகளும் தவிர்க்கலாம்.

பட்டையை உரித்து விற்கலாமா?

பட்டையில் தோலைப் பதனிட உதவும் துவர்ப்புப் பொருளான டானின் 18 முதல் 20 சதவீதம் வரை உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை இறக்குமதியாகும் முன் தமிழகத் தோல் பதனிடும் தொழில் பெரிதும் இதை நம்பியிருந்தது. இன்று நாட்டுமருந்துக் கடைகள் கொஞ்சம் வாங்கும். நிற்கும் செடியில் சுற்றிலும் உரித்தால் அந்தக் கிளை பட்டுப்போகும். கவாத்தில் வெட்டிப்போட்ட கிளைகளில் உரித்துக்கொள்ளுங்கள், ஈரம் காயும் முன் உரித்தால் வாழைநார் போலக் கழன்று வரும்.